பொருத்தனைக் கோழி

குழம்புச் சட்டியில் ஒட்டியிருந்ததையும் வழித்துச் சோற்றில் பிசைந்து, கடைசி வாயை விழுங்கிவிட்டு என் மாமியார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஏட்டி, இன்னைக்குத்தான் உன் கைக்கு ருசி வந்திருக்கு." கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்த பிறகு என் சமையலுக்கு அவரிடம் கிடைத்த முதல் நற்சான்று அது. பொழுது சாயும்வரைகூட அது நிலைக்கவில்லை. கோழிகளை அடைக்கப் பின்வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து, "செங்கொண்டையை எங்கட்டி?" என்று கேட்டார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் உத்திரத்தைப் பார்த்தார். செங்கொண்டை அப்போது பாதி எங்கள் மூவர் வயிற்றிலும், மீதி பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த என் அண்ணன் வயிற்றிலும் இருந்தது.

அது பொருத்தனைக் கோழி. விளாத்திகுளம் பக்கத்து மிளகாய்க் காட்டில் மழை இறங்கினால், எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்குச் செங்கொண்டையைக் கோயிலில் படைப்பதாக அத்தை ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். மழையும் இறங்கியது. ஆண்டவரிடம் சொன்னவர் எங்களிடம் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் பெண்கள் ஐக்கியத்தின் உபவாச ஜெபத்துக்குப் போயிருந்த நேரத்தில், குளத்தூரிலிருந்து என் அண்ணன் திடீரென்று வந்து நின்றான். என் கணவர் கைக்கு எட்டிய கோழியைப் பிடித்தார், நான் குழம்பு வைத்தேன். நேர்ந்துவிட்ட கோழி என்று அதன் நெற்றியில் எழுதியா இருந்தது? இத்தனை வருடம் கழித்தும் இதைத்தான் கேட்பேன். ஆனால் அத்தையின் நிலையையும் பார்க்க வேண்டும். பெண்கள் ஐக்கியத்தின் தலைவி, காலையிலிருந்து உபவாசம் இருந்துவிட்டு, ஆண்டவருக்கென்று வளர்த்த கோழியின் தொடைக்கறியிலேயே உபவாசத்தை முடித்திருக்கிறார்.

வேறு கோழி வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றார் என் கணவர். "மாத்திக் குடுத்தா அவருக்குத் தெரியாதாக்கும்?" என்று கேட்ட அத்தை, அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். எனக்கும் ரோஷம் உண்டு. நானும் நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் எங்கள் வீட்டில் எது நின்றாலும் மாலை ஜெபம் நிற்காது. டிவியை அணைத்து, பாயை விரித்து, ஒரு பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, பிறகு ஒவ்வொருவராக ஜெபிக்க வேண்டும். ஒருவர் ஜெபிக்கும்போது இன்னொருவர் குறுக்கே பேச முடியாது. இந்த வசதியை அத்தைதான் முதலில் கண்டுகொண்டார். "அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோகப் பிதாவே" என்று முறைப்படி தொடங்கியவர், மெல்ல மெல்ல இறங்கி எங்கள் அடுப்படிக்கு வந்து சேர்ந்தார். "நாளைக்குக் குழாயில தண்ணி வருதுன்னு சொல்லுதாவ ஆண்டவரே. குடத்தைக் கழுவி வைக்கணும்னு இந்த வீட்ல சில பேருக்குத் தோணவே மாட்டேங்கு. அவியளுக்கு நல்ல புத்தியைத் தாரும்." அடுத்தது என் முறை. "ஸ்தோத்திரம் ஆண்டவரே. குடமெல்லாம் மத்தியானமே கழுவிக் கவுத்தியாச்சு. அதைப் பார்க்கிற கண்ணை எல்லாருக்கும் தாரும்." என் கணவர் இரண்டுக்கும் ஒரே குரலில் ஆமென் சொன்னார். பிழைக்கத் தெரிந்த மனிதர்.

மாதக்கணக்கில் இப்படியே ஓடியது. கேஸ் சிலிண்டர் தீர்ந்தது, பால்காரர் வராதது, ஓட்டப்பிடாரத்துக் கல்யாண வீட்டுக்கு யார் போவது, எல்லாமே பரலோகம் போய்ச் சுற்றித்தான் எனக்கு வந்து சேர்ந்தன. ஆண்டவர் எங்கள் இருவருக்கும் நடுவே தபால்காரர் வேலை பார்த்தார். ஒருநாள் நான் உப்பு கூடுதலாகப் போட்டதற்கு, வேதத்தில் சொன்னபடி பூமிக்கு உப்பாக இருப்பதைப் பற்றி அத்தை உருக்கமாக ஜெபித்தார். நான் சிரிப்பை அடக்கியதில் இருமல் வந்துவிட்டது. இருமலுக்காகவும் ஜெபித்தார்.

ஜெபத்தில் அத்தையின் தாழ்மையை மிஞ்ச ஆள் கிடையாது. "மண்ணும் சாம்பலுமான அடியாள்" என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்வார். ஆனால் ஒரு கூட்டத்தில் குருவானவர் தவறுதலாக அவர் பெயரைச் செயலாளரம்மாவின் பெயருக்குப் பின்னால் வாசித்துவிட்டபோது, மண்ணும் சாம்பலும் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. நான் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. "என் பெருமையை உடைத்துப் போடும்" என்று தினமும் கேட்பேன். அவர் உடைக்க வந்தால் கதவைத் திறந்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

இத்தனை சண்டையிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. நான் விளாத்திகுளத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது அத்தை கட்டிவைத்த டிபன் டப்பா வாசலில் இருக்கும். சோற்றுக்கு நடுவே ஒரு முட்டை இருக்கும். பேச்சு நின்ற பிறகும் முட்டை நிற்கவில்லை. அந்த டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வரும், கண்ணும் கலங்கும்.

ஆனால் மனக்கசப்போடு திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்கப் போகக் கூடாது என்பதில் அத்தை கண்டிப்பானவர். மற்றவர்களெல்லாம் எழுந்து பீடத்துக்கு முன்னால் முழங்கால் போடும்போது, தலைவியம்மா மட்டும் பெஞ்சிலேயே குனிந்து உட்கார்ந்திருப்பார். கோயிலே பார்த்தது. ஏன் என்று ஜாடையாகக் கேட்க ஆரம்பித்தார்கள். அந்த வாரத்தில்தான் மாலை ஜெபத்தில் அத்தை சொன்னார்: "தூத்துக்குடியில மூத்த மகன் வீட்டோட போயி இருந்துரலாம்னு இருக்கேன், ஆண்டவரே. சனிக்கிழமைப் பிரயாணத்தை ஆசீர்வதியும்." என் கணவருக்கு ஆமென் வரவில்லை.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அடுப்படி முழுக்க எனக்குக் கிடைக்கும். ஆனால் அவர் சேலைகளை மடித்துப் பையில் வைப்பதைப் பார்த்தபோது அடுப்படி நினைவே வரவில்லை. எனக்கு அம்மா இல்லை. இவரும் போய்விட்டால் நான் சாப்பிட்டேனா என்று கவலைப்பட ஒருவரும் இருக்க மாட்டார். போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாளெல்லாம் வாய்வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மாலை என் முறை வந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். "ஆண்டவரே, அவிய போகக் கூடாது. கோழி போனதுல எனக்கும் வருத்தம்தான். அவிய இல்லாம இந்த வீட்ல என்னால இருக்க முடியாது. அவிய மனசை மாத்தும்." சொல்லி முடித்தேன். ஆமென் வரவில்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்தேன். அத்தை கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை அவர்ட்ட என்னத்துக்குட்டி சொல்லுதே?" என்றார். "அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. தெரியாதவ நான்லா இங்கன உக்காந்திருக்கேன். எங்கிட்டச் சொல்லு."

ஆண்டவரிடம் அரை மணி நேரம் தடையில்லாமல் பேசக்கூடிய எனக்கு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவரிடம் நாக்கு எழவில்லை. ஜெபத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் குனியலாம், யாரும் நம்மைப் பார்ப்பதில்லை. அன்று எங்கேயும் ஒளிய இடமில்லை. "போகாதீய அத்தை" என்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "கோழியைக் கொன்னதுக்காட்டி உம்மேல கோபம்?" என்றார். "அவருக்குன்னு விட்டதை நான் தின்னுருக்கேன். தெரிஞ்ச பொறவும் நாக்குல அந்த ருசி போக மாட்டேங்கு. அம்புட்டு நல்லா இருந்துச்சு. இதைச் சொல்லி எங்கன போயி முழங்கால் போட?" என் கணவர் சிரித்துவிட்டார். அடுத்து நான். கடைசியில் அத்தையும்.

சனிக்கிழமை பஸ் அவர் இல்லாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை பீடத்தின் முன்னால் என் பக்கத்தில் முழங்கால் போட்டார். எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது அத்தைக்குக் காது மந்தம். ஜெபத்தில் நான் என்ன சொன்னாலும் அவருக்கு எட்டுவதில்லை, ஜாடை பேசி ஒரு பிரயோஜனமும் இல்லை. எதுவானாலும் எதிரே போய் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். நேற்று ஒரு காரணமும் இல்லாமல், "நீங்க இருக்கிறதுனாலதான் இது வீடா இருக்கு, அத்தை" என்று கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கேக்கலட்டி, இன்னொரு தடவ சொல்லு" என்றார்.