இடது கண்ணுக்கு ஒரு துப்பாக்கி

கிள்ளானில் கப்பல் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஒரு நாள் காலை, கணினித் திரையின் வலது ஓரத்தில் கறுப்புத் துணி ஒன்று மெல்ல இறங்குவதுபோல் தெரிந்தது. விளக்குதான் மங்குகிறது என்று எண்ணி எழுந்துபோய் டியூப்லைட்டைத் தட்டிப் பார்த்தேன். விளக்கில் கோளாறு இல்லை. என் வலது கண்ணின் விழித்திரை பிரிந்துகொண்டிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். கண் தப்பியது, பார்வை தப்பவில்லை. இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது.

ஒரு கண் இருந்தால் போதும், வேலை பார்க்கலாம், கார் ஓட்டலாம் என்று எல்லோரும் தேற்றினார்கள். அது உண்மைதான். ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி நான் கவலைப்பட்டது வேறொன்றுக்காக. இனி கிளே சுட முடியாது.

டெங்கில் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் கிளப்பின் ரேஞ்ச், துப்பாக்கி சுடும் திடல், இருக்கிறது. ஓர் இயந்திரம் சின்னத் தட்டு ஒன்றை ஆகாயத்தில் வீசும். அது பறக்கும்போதே துப்பாக்கியால் சிதறடிக்க வேண்டும். அதுதான் கிளே. அலுவலகத் தோழி ஒருத்தி வேடிக்கை பார்க்க அழைத்துப்போனாள். அவள் அதற்குப் பிறகு வரவில்லை, நான் ஒட்டிக்கொண்டேன். போலீஸ் விசாரணை, உரிமம், வீட்டில் இரும்புப் பெட்டி என்று எல்லாவற்றையும் கடந்து சொந்தமாக ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கினேன். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் உடுப்பை மாற்றிக்கொண்டு நேரே ரேஞ்சுக்குப் போய்விடுவேன். அங்கே தட்டு உடைந்து தூளாகும் அந்தக் கணத்தில் மனதில் வேறெதுவும் இருக்காது.

துப்பாக்கியின் பின்கட்டையை வலது தோளில் பொருத்தி, கன்னத்தை அதன்மேல் வைத்தால், வலது கண்தான் குழல்மேல் ஓடும். வலது கண் இல்லையென்றால் இடது தோளுக்கு மாற்றிக்கொள்வார்கள். என் இடது தோள் எலும்பு பல வருடம் முன்பு மோட்டார் சைக்கிள் விபத்தில் உடைந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறது. ஒரே ஒரு தடவை முயன்று பார்த்தேன். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைத்த உதையில் அன்றைக்குச் சோற்றுப் பானையைக்கூடத் தூக்க முடியவில்லை. என் துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி மடித்தேன்.

ஓராண்டுக்கு மேல் கழிந்திருக்கும். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவர் போன் செய்தார். என்னைவிட வயதில் இளையவர், கிளப்பிலும் உறுப்பினர்.

"அக்கா, ஒரு பழைய துப்பாக்கி வந்திருக்கு. கட்டை கோணலா இருக்கு. நீங்க பாக்கணும் லா."

"கோணக் கட்டைய வச்சு நான் என்ன தம்பி செய்ய?"

"வந்து பாருங்க. பாத்துட்டு என்னைத் திட்டுங்க."

என் கணவரும் கூட வந்தார். ஏர்கோன், குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். பழைய சாமான் எதுவானாலும் சந்தேகத்தோடு புரட்டிப் பார்ப்பது அவர் சுபாவம். நான் மீண்டும் துப்பாக்கியைத் தொடுவதிலும் அவருக்கு விருப்பமில்லை. என்னை வாங்கவிடாமல் திருப்பி அழைத்து வரத்தான் அவர் வந்தார் என்பது இருவருக்கும் தெரியும்.

கடைக்காரர் அதை மேசைமேல் வைத்ததும் கணவர் சிரித்துவிட்டார். "இது என்ன, லோரி ஏறிப்போச்சா?"

அப்படித்தான் இருந்தது. குழல்கள் நேராக இருந்தன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் மரக்கட்டை ஆற்றுவளைவுபோல் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபடி நேராக ஓடியது. கடைக்காரர் அது காலியாக இருக்கிறது என்று திறந்து காட்டிவிட்டு என்னிடம் கொடுத்தார். வழக்கம்போல் வலது தோளில் வைத்தேன். கன்னம் கட்டையின் வளைவில் உட்கார்ந்தது. குழல் என் இடது கண்ணுக்கு எதிரே நேராக நீண்டு கிடந்தது.

வலது தோளில் வைத்து இடது கண்ணால் பார்ப்பவர்களுக்கென்றே செய்த கட்டை. அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. சன்னலுக்கு வெளியே போன புறா ஒன்றைக் குழலால் பின்தொடர்ந்தேன். அது எதிர்க்கட்டடத்துக்குப் பின்னால் மறைந்த பிறகும் துப்பாக்கியை இறக்க மனம் வரவில்லை.

"கீழ வையி. முதல்ல நல்லாப் பாப்போம்" என்றார் கணவர்.

கைபேசி விளக்கை ஏற்றி அவரே தேட ஆரம்பித்தார். குழலுக்குள் சிறு துருப்புள்ளிகள். குழலும் கட்டையும் சேரும் மூட்டில் லேசான ஆட்டம். வளைவு தொடங்கும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல், அதில் பழைய பசை. கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. "இன்னொண்ணும் இருக்கு அண்ணே. இது பழைய அளவு. இப்ப உள்ள நீளத் தோட்டா இதுக்கு ஆகாது, ஆபத்து. குட்டைத் தோட்டாவை முன்கூட்டியே சொல்லித்தான் வரவழைக்கணும்."

"ஸ்பேர் பார்ட்ஸ்?"

"கிடைக்காது."

"நாளைக்கு இவ வித்தா யாரு வாங்குவா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "யாரும் வாங்க மாட்டாங்க."

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. என் உரிமத்தில் ஒரு துப்பாக்கிக்குத்தான் இடம். இது வேண்டுமென்றால் என் பழைய துப்பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும். அதில் ஒரு குறையும் இல்லை, யார் தோளிலும் உட்காரும். அதைக் கொடுத்து, விரிசல் விட்ட ஒரு கோணல் கட்டையை வாங்குவது புத்திசாலித்தனமா? என் துப்பாக்கிக்கே இப்படி ஒரு கட்டை பொருத்த முடியுமா என்று கேட்டேன். இங்கே செய்ய ஆள் இல்லை, வெளிநாட்டுக்கு அனுப்புவது லேசில் முடியாது என்றார் கடைக்காரர்.

"யாரு வச்சிருந்தது?" என்றேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு அம்மா, கணவர் இறந்ததும் கடையில் ஒப்படைத்தாராம். ஆள் அமையாவிட்டால் போலீசிடம் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். "போலீஸ்ல போனா அறுத்துப் போட்டுருவாங்க அக்கா" என்றார் கடைக்காரர்.

நான் வாய் திறக்கும் முன்பே கணவர் சொன்னார், "அந்த ஆன்டிய பாக்கலாம். ஓட்டுனவங்களக் கேக்காம பழைய காடி வாங்கக் கூடாது."

கடைக்காரர் போன் போட்டுச் சொல்ல, அடுத்த சனிக்கிழமை போனோம். பழைய அடுக்குமாடி வீடு. மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம். அந்த அம்மா மைலோ கலக்கிக் கொடுத்தார். அவர் கணவருக்கு ரயில்வே பட்டறையில் வேலை. இரும்புத் துகள் பட்டு இளவயதிலேயே வலது கண் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் எங்கோ தேடி இந்தத் துப்பாக்கியை வாங்கியிருக்கிறார். தெரிந்தவர்களின் தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் இவரைத்தான் கூப்பிடுவார்களாம்.

"அந்த விரிசல், ஆன்டி?" என்று கேட்டார் கணவர்.

"சேத்துல வழுக்கி அதுமேலயே விழுந்தாரு. அவரே பசை போட்டு ஒட்டுனாரு. அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் சுட்டாரு, ஒண்ணும் ஆகல. ஆனா உண்மையச் சொல்லிடுறேன். கடைசியில இடது குழல் சில நேரம் வெடிக்காது. க்ளிக்னு சத்தம் மட்டும் வரும். பன்னி நின்னு இவரைப் பாத்துட்டுப் போவுமாம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு என் கண்ணை உற்றுப் பார்த்தார். "எந்தக் கண்ணும்மா?"

"வலது, ஆன்டி."

அவர் என் கையைத் தொட்டார். "எனக்காக வாங்காதம்மா. உனக்கு உதவும்னா வாங்கு. இல்லாட்டி விட்டுடு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அந்தப் பேச்சு எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. அதுவரை, அறுத்துப்போடப்படும் ஒரு பொருளைக் காப்பாற்றுகிறோம் என்ற எண்ணம் மனதில் புகுந்து கலக்கிக்கொண்டிருந்தது. இறங்கும்போது அது போய்விட்டது. இதை வைத்துத் தட்டை உடைக்க முடியுமா என்பது மட்டும்தான் இனிக் கேள்வி.

கடைக்காரர் குழல்களின் சுவர்க்கனத்தை அளந்து, போதுமான தடிப்பு இருக்கிறது என்றார். மூட்டை இறுக்கி, விரிசலைத் திறந்து புதிதாக ஒட்டி, இடது குழலின் ஸ்பிரிங்கை மாற்றினார். பிறகு முறைப்படி அனுமதி வாங்கி, குட்டைத் தோட்டாக்களோடு ரேஞ்சுக்கு எடுத்து வந்தார். அதற்குள் சில மாதங்கள் ஓடிவிட்டன. வாங்குவதா இல்லையா என்று நான் இன்னும் சொல்லவில்லை.

மழை விட்டிருந்த பிற்பகல். முதல் தட்டு பறந்தது, சுட்டேன், அது முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். கணவர் பின்னால் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை பேரை அலையவிட்டு, இல்லாத ஒன்றுக்கு ஆசைப்பட்டோமோ என்று நினைத்தேன்.

"அக்கா, தலையத் தூக்குறீங்க" என்றார் கடைக்காரர். "துப்பாக்கிய நம்ப மாட்டேங்கிறீங்க. தட்டு உடைஞ்சுச்சான்னு பாக்க முந்துறீங்க. கன்னத்த அங்கயே வையுங்க."

கன்னத்தை வளைவில் அழுத்தினேன். தட்டை வீசச் சொல்லிக் கூப்பிட்டேன். தட்டு இடமிருந்து வலமாக, செம்பனை ஓலைகளுக்கு மேலே எழுந்தது. குழல் தானே அதைத் தாண்டி ஓடுவதுபோல் இருந்தது. விசையை அழுத்தினேன். தட்டு கறுப்புப் புகையாகக் கலைந்தது.

யாரோ கத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் என் கணவர், பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, அவ பழசை என்னிக்குக் கொண்டாந்து குடுக்கணும்?" என்று கடைக்காரரிடம் கேட்டார். என்னிடம் அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

உரிமம் மாறி வந்தது. பழைய துப்பாக்கியைக் கொடுத்த அன்று கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அது செலாயாங் பக்கமிருந்து வரும் ஒருவரிடம் போயிருக்கிறது. ரேஞ்சில் அவர் அதைத் திறமையாகச் சுடுவதை அவ்வப்போது பார்க்கிறேன். முன்பு எடுத்த புள்ளிகளை நான் இப்போது எடுப்பதில்லை. வலப்பக்கமிருந்து வரும் தட்டு தாமதமாகத்தான் தெரிகிறது, கழுத்தைச் சற்றுத் திருப்பி நிற்கப் பழகி வருகிறேன். போன மாதப் போட்டியில் கடைசிக்குச் சற்று முன்னால் வந்தேன். பிரிக்பீல்ட்ஸ் ஆன்டியிடம் போனில் சொன்னபோது, "கடைசி இல்லல்ல, அப்புறம் என்ன?" என்றார்.

ஒரு நாள் கணவர் அந்தத் துப்பாக்கியை, காலியாக இருந்தபோது, தன் தோளில் வைத்துப் பார்த்தார். "ஒண்ணுமே தெரியலயே! இதை வச்சு எப்படித்தான் சுடுற?" என்று திருப்பிக் கொடுத்தார். மறுவாரம் கிளப்பின் தொடக்க வகுப்பில் தன் பெயரைப் பதிந்துகொண்டார். கிளப் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, இரண்டு நல்ல கண்களோடு, இதுவரை ஒரு தட்டைக்கூட அவர் உடைக்கவில்லை. ஞாயிறு வந்தால் எனக்கு முன்னால் போய்க் காரில் உட்கார்ந்து ஹாரன் அடிப்பவர் அவர்தான்.