பானெட்டுக்குள் கேட்ட கிணிங்

மூன்று வருடம் காத்திருந்து, போன மாதம்தான் எங்கள் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்குப் புதுக் கார் வந்தது. வாசலிலேயே பூஜை போட்டோம். பானெட்டைத் திறக்கச் சொல்லி, எஞ்சினுக்கும் நானே குங்குமம் வைத்தேன்.

மறுநாளிலிருந்து பிரேக் போட்டால் முன்பக்கம் ‘கிணிங்’ என்று ஒரு சத்தம். “புது வண்டியில சத்தமா!” என்று என் கணவர் கொதித்தார். அரசாங்க உத்தியோகம் அல்லவா? கம்பெனிக்கு இரண்டு பக்கத்தில் புகார்க் கடிதமே டைப் அடித்துவிட்டார். எனக்கோ வேறு கவலை. அம்மா கொடுத்த வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணோம். வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போகும் வழியில், எதற்கும் காட்டிவிடலாம் என்று ஒரு சர்தார்ஜி மெக்கானிக்கிடம் நிறுத்தினோம். அவர் பானெட்டைத் தூக்கி, பாட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவே விரலை விட்டு எதையோ எடுத்தார்.

“பெஹன்ஜி, யே ஆப்கா ஹை?” இது உங்களுடையதா என்று கேட்டு என்னிடம் நீட்டினார்.

என் சிமிழ்! கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் விசிறியே உடைந்திருக்குமாம்.

“இந்த லெட்டரை உன் பேருக்குன்னா போட்டிருக்கணும்!” என்று சிரிக்க ஆரம்பித்த இவர், வீடு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை.

நேற்று எதிர் வீட்டில் புது ஸ்கூட்டர். பொட்டு வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். குங்குமத்தை ஒரு வெற்றிலையில் எடுத்துக்கொண்டு போனேன். மறந்து வைத்துவிட்டு வந்தாலும் அது சத்தம் போடாது, பாருங்கள்!