தொப்பிக்குள் சந்தனம்

மொட்டை அடித்த தலையில் பூசிய சந்தனம் காயத் தொடங்கும்போது முதலில் குளிர்ச்சியாக இருக்கும், பிறகு யாரோ தலைத்தோலை எல்லாப் பக்கமும் மெதுவாகப் பிடித்து இழுப்பது போல இறுகும். அதன் மேல் கம்பளித் தொப்பியை வைத்துக்கொண்டு ஆகஸ்ட் வெயிலில் அசையாமல் நின்றால், அது வியர்வையில் கரைந்து காதோரமாக வழியும், ஆனால் துடைக்கக் கூடாது. பத்தாம் வகுப்பு படித்த ஆண்டின் சுதந்திர தினத்தன்று, பள்ளி மைதானத்தில் நான் அப்படித்தான் நின்றேன். அந்த மணம் எங்கே வந்தாலும் இன்றும் என் காதுகள் சூடாகிவிடுகின்றன.

திருத்தணியில் மொட்டைத் தலை ஒரு செய்தியே இல்லை. ஆடிக் கிருத்திகை வந்தால் பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் மஞ்சள் தலைகள்தான் தெரியும். ஆந்திரப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து முடி கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆனால் காக்கி உடுப்புக்கு மேலே, வயசுக்கு வந்த ஒரு பெண்ணின் தலை மட்டும் அப்படி இருந்தால் அது வேறு.

அந்தக் காக்கிக்குள் நான் வந்து சேர்ந்த கதையே வெட்கக்கேடு. கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ் ஏறிப் பள்ளிக்குப் போன எங்கள் வீட்டின் முதல் ஆள் நான். நைனாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள், கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தவர்கள். ஒன்பதாம் வகுப்பில் கணக்கும் இங்கிலீஷும் எனக்குப் பிடிபடாமல் போயின. புரியவில்லை என்று சொல்ல என் திமிர் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த நிரோஷாவுக்கும் அதே கதைதான். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பள்ளிக்குப் போகிற தெருவை விட்டுவிட்டு ரயில் நிலையத்துக்கு நடப்போம். டிக்கெட் எடுக்காமல் ரயில் ஏறி மணவூரில் இறங்கி, சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து கொய்யாக்காய் தின்று, போகிற ரயில்களுக்கெல்லாம் கையாட்டிவிட்டு, பள்ளி விடுகிற நேரத்துக்குச் சரியாகத் திரும்புவோம். "நம்மள யாருடி தேடப் போறாங்க?" என்பாள் நிரோஷா. யாரும் தேடத்தான் இல்லை, ரயில்வே போலீஸ் அக்கா ஒருத்தி எங்களைப் பிடித்துப் பள்ளியில் கொண்டுவந்து விடும்வரை.

அம்மா வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த கொல்லையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். தலைமையாசிரியை உட்காரச் சொன்னார். புடவையெல்லாம் செம்மண் என்பதால் அம்மா உட்காரவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. பையத் தூக்கிகினு போறாளே, படிச்சிகினு கீறான்னு நெனச்சிகினு இருந்தேங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். டி.சி. எழுதத் தயாராக இருந்தது. அப்போது விளையாட்டு டீச்சர் உள்ளே வந்தார். பள்ளியில் காக்கி போட்டுக்கொண்டு அணிவகுப்புப் பழகும் மாணவியர் படை ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. நாங்கள் அதைப் 'பரேடு' என்போம். எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "ஒரு இடம் காலியா இருக்கு மேடம். இந்தப் பொண்ணு ஒசரமா இருக்கா. என்கிட்ட விட்டுப் பாருங்க" என்றார்.

நான்தான் உயரம். நிரோஷாவுக்கு டி.சி. கிடைத்தது.

மற்றவர்கள் நினைப்பது போல அந்தப் பரேடில் யாரும் கத்தி என்னைத் திருத்திவிடவில்லை. வாரம் ஒருமுறை வந்த ஹவில்தார் ஒருவர் இந்தியில் கத்தத்தான் செய்தார், ஆனால் அது எங்களில் யாருக்கும் புரியவில்லை. பக்கத்தில் இருப்பவள் திரும்பினால் நாங்களும் திரும்பினோம். முதலில் என்னை அங்கே நிறுத்தி வைத்தது, முடிந்ததும் கொடுத்த பூரியும் கிழங்கும்தான். "பூரிக்கா பரேடு போற? உன் அம்மாகிட்ட சொன்னா ஊட்லயே சுட்டுத் தரப்போறா" என்று நைனா கேலி செய்வார். ஒரு சனிக்கிழமை நான் போகாமல் வீட்டில் படுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை படையின் தலைவி கோமளா என் வழியை மறித்தாள். பள்ளிப்பட்டில் தறி நெய்யும் குடும்பத்துப் பெண். கோபம் வந்தால் பாதி தெலுங்காகிவிடுவாள். "ஏமே, நீ ஊட்ல தூங்கினா எங்க காலு நோவணுமா? உன் ஒருத்தியால மொத்த பேரும் கிரவுண்ட சுத்தி ஓடினோம், தெரியுமா?"

வரிசையில் ஒருத்தி குறைந்தால் மற்றவர்கள் எல்லாரும் ஓட வேண்டும் என்பது அங்கே வழக்கம். திட்டு வாங்கியும் எனக்கு அன்றைக்கு உள்ளுக்குள் ஏனோ இனித்தது. நான் வராததற்காக முப்பது பேர் ஓடியிருக்கிறார்கள்; ஊர் உலகத்தில் நான் இல்லாத இடம் ஒன்று முதல் முறையாகக் காலியாகத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு நான் ஒரு பரேடையும் விடவில்லை. பரேடுக்கு வர வேண்டுமென்றால் வகுப்புக்கும் வந்திருக்க வேண்டும் என்பது டீச்சரின் சட்டம். வகுப்பில் வேறு வழியில்லாமல் உட்கார்ந்ததில் கணக்கும் கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் திரும்பி வந்தது.

பத்தாம் வகுப்பில், சுதந்திர தினத்தன்று படைக்கு முன்னால் நடந்து போய்ச் சிறப்பு விருந்தினருக்கு சல்யூட் அடித்து, அணிவகுப்பு தயார் என்று இந்தியில் சொல்லும் இடம் எனக்குக் கிடைத்தது. வீட்டில் சொன்னபோது அம்மா முகம் மலர்ந்தது, ஆனால் அவள் பேசியது வேறு. "அன்னிக்கு ஸ்கூல் வராண்டாவுல நின்னுகினு மலையப் பாத்து வேண்டிக்கினேன்டி. இவ ஒழுங்கா பள்ளிக்கூடம் போனா கிருத்திகைக்கு இவ முடியக் குடுக்கறேன்னு."

கிருத்திகை, சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது.

"என் முடிய நீ எப்படிம்மா வேண்டிக்குவ? உன் முடியக் குடு" என்று அழுதேன். பரேடு முடிந்து கொடுக்கலாம் என்று கெஞ்சினேன். "கிருத்திகைக்குன்னு சொல்லிட்டு சாமிகிட்ட நாள் தள்ளுவியா? பரேடு உன்னத் திருத்திச்சின்னு நெனச்சிகினு கீறியா? அந்த டீச்சரம்மா வாயில பூந்து பேசினதே அவன்தான்டி." என்னைத் திருத்தியது யார் என்று முருகனுக்கும் டீச்சருக்கும் நடந்த வழக்கில், நானும் கொஞ்சம் திருந்தியிருக்கலாம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இடுப்புவரை தொங்கிய முடி போயிற்று.

மறுநாள் ஒத்திகையில் மைதானமே வாயைப் பொத்திக்கொண்டது. "ஏய், காவடி எங்கடி வெச்சிட்டு வந்த?" என்றாள் ஒரு ப்ளஸ் டூ அக்கா. கொண்டை போட்ட தலைக்கு அளவெடுத்த தொப்பி என் புருவத்தில் வந்து இறங்கியது. டீச்சர் அதை மேலே ஏற்றி வைத்துப் பார்த்தார். எனக்குப் பதில் கோமளா போகட்டுமா என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் கோமளா, "எனக்கு அந்த இந்தி வராது டீச்சர்" என்றாள். பச்சைப் பொய். என்னைவிட அவளுக்கு நன்றாக வரும். அன்று மாலை தன் வீட்டுத் தறித்துண்டு ஒன்றை மடித்துத் தொப்பிக்குள் சுற்றிலும் தைத்துக் கொடுத்தாள்.

விழா அன்று காலை, வெயில் படுமே என்று அம்மா திரும்பவும் சந்தனம் அப்பினாள். அதுதான் வினையாகிவிட்டது. நான் விறைப்பாக நடந்து போய், சிறப்பு விருந்தினர் முன்னால் காலைத் தூக்கி ஓங்கி வைத்த வேகத்தில், ஈரச் சந்தனத்தின் மேல் தொப்பி வழுக்கித் தரையில் விழுந்தது. விழுந்ததைக் குனிந்து எடுக்கக் கூடாது. தொப்பி இல்லாத தலையோடு சல்யூட்டும் அடிக்கக் கூடாது. பாதி உயர்ந்துவிட்ட கையை என்ன செய்வது என்று தெரியாமல், அதை மெல்லக் கீழே இறக்கி விறைப்பாக நின்றேன். ப்ளஸ் டூ வரிசையில் தொடங்கிய சிரிப்பு மைதானம் முழுக்க ஓடியது. சந்தனம் கண்ணுக்குள் இறங்கியது. அந்த நிமிடம் மணவூர் பெஞ்சில் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அப்போது கேட்டருகே நின்ற பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"முருகாஆ!"

அம்மா. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குவித்திருந்தாள். அத்தனை பேர் முன்னால் நான் காணிக்கைத் தலையைத் திறந்து காட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். அந்தச் சத்தத்துக்குத் திருத்தணியில் வாயை மூடிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. சுற்றுச்சுவருக்கு வெளியிலிருந்து ஒரு பெண் குரல் எல்லாருக்கும் முந்திக்கொண்டு "அரோகரா!" என்றது, பிறகு பெற்றோர்கள், பிறகு சிரித்துக்கொண்டிருந்த பெண்கள், சமையல் ஆயாக்கள் என்று எல்லாரும் "அரோகரா!" என்றார்கள். சிறப்பு விருந்தினரே அனிச்சையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தேசியக் கொடி இன்னும் ஏறவில்லை.

மைதானம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். ஆனால் சிரிப்பு நின்றிருந்தது. சொல்ல வேண்டிய வாக்கியத்தை உரத்துச் சொன்னேன், திரும்பினேன், மொட்டைத் தலையோடு என் இடத்துக்கு நடந்து வந்து நின்றேன். கோமளா உதட்டை அசைக்காமல், "பாகுந்தி" என்றாள். நன்றாக இருந்தது என்று அர்த்தம்.

முதலில் "அரோகரா" என்று குரல் கொடுத்தது யார் என்று பரேடு கலைந்த பிறகுதான் தெரிந்தது. விடுமுறை நாளிலும் வேலைக்குப் போக, செருப்புக் கம்பெனி வேனுக்காகச் சாலையில் காத்துக்கொண்டிருந்த நிரோஷா, சுவருக்கு மேலே முகத்தைத் தூக்கி, "மொட்ட நல்லாத்தான்டி கீது!" என்று கத்தினாள். நான் ஓடிப்போவதற்குள் வேன் வந்துவிட்டது.

இப்போது நான் பட்டதாரி. திருவள்ளூரில் வேலை, சீசன் டிக்கெட்டோடு தினமும் மணவூரைக் கடக்கிறேன். டீச்சர் மாற்றலாகிப் போனதும் பரேடை எடுத்து நடத்த ஆள் வரவில்லை. மைதானத்தில் பாதியைப் புதுக் கட்டடம் எடுத்துக்கொண்டது. என்னை மாதிரிப் பெண்களைப் பரேடு எப்படி நிமிர்த்தியது என்று பேசச் சொல்லிப் பழைய மாணவியர் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள். பெருமையாகத்தான் போகிறேன். நிமிர்த்தியது உண்மை, அதை யார் முன்னாலும் சொல்வேன். ஆனால் ஒலிபெருக்கி முன்னால் நிற்கும்போது, மொட்டைத் தலையோடு நின்றதைவிட அதிகமாகக் கூசுகிறது. ஒரே பெஞ்ச், ஒரே ரயில், ஒரே கொய்யாக்காயின் இரண்டு பாதிகள். நான் நாலு விரற்கடை உயரம், அவ்வளவுதான்.

நிரோஷா பள்ளிக்கு வராமல் போனதற்காக எந்த மைதானத்திலும் யாரும் ஓடவில்லை.