பந்து எறிய ஓர் ஆள் வேண்டும்

போன கிழமை டோர்ட்மண்டிலிருந்து ஹம்முக்கு வரும் ரயிலில், எனக்கு எதிரே இருந்த பெரியவரின் பையிலிருந்து ஒரு போத்தல் விழுந்து உடைந்தது. ஃப்ரான்ஸ்பிராண்ட்வைன். பெயரில் வைன் இருக்கிறதே தவிரக் குடிக்கிற சாமான் இல்லை. கற்பூரமும் புதினாவும் கலந்த சாராயம். முதுகிலும் காலிலும் தேய்ப்பது. பெட்டி முழுக்க அந்த நெடி. பக்கத்திலிருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். நான் போகவில்லை. வெட்கமில்லாமல் ஆழமாக இழுத்து மூச்சு விட்டேன். உடனே வலது முழங்கால் தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியது.

எனக்கு அந்த நெடி இரண்டு இடங்களுக்குச் சொந்தமானது. ஒன்று, நான் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்த முதியோர் இல்லம். காலையில் படுக்கை படுக்கையாகப் போய் முதுகு தேய்த்துவிடுவோம். மற்றது, எங்கள் அணி உடுப்பு மாற்றுகிற அறை. சனிக்கிழமை வரை கிழவர்களுக்குத் தேய்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை எனக்கே தேய்த்துக்கொள்வேன். இருபத்திரண்டு வயதில் என் உடம்பு ஓய்வூதியம் எடுத்தவருடையது மாதிரி மணத்தது.

அணி என்றதும் உதைபந்து என்று நினைத்துவிடாதீர்கள். முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், தோளில் பலகை மாதிரிக் காப்பு. அமெரிக்கக்காரரின் ஃபுட்பால். உதைபந்தைத் தவிர வேறெதையும் விளையாட்டென்று ஒத்துக்கொள்ளாத இந்தப் பக்கத்தில், ஹம்மிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஒரு சின்ன ஊரில், நாங்கள் முப்பது பேர் அதைப் பிடிவாதமாக விளையாடிக்கொண்டிருந்தோம். என் தலைக்கவசத்தை முதன்முதல் பார்த்த அன்று அம்மா கேட்டா: “ஆரோ மோட்டச்சைக்கிளில வந்து விட்டிட்டுப் போனதோ?” அப்பா இன்னும் சுருக்கமாகச் சொன்னார். எண்பதுகளில் அகதியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கிய ஆள் அவர். “நான் எலும்பு முறியாமல் இஞ்ச வந்து சேர்ந்தனான். நீ தேடிப்போய் முறிக்கிறாய்.”

நான் சென்டர். குனிந்து நின்று, கால்களுக்கு நடுவால் பந்தைப் பின்னுக்குக் கொடுக்கிறவன். அதை வாங்குகிறவன் குவார்ட்டர்பேக். அணியின் மூளையும் கையும் அவன்தான். அவன் எறிந்தால் சனம் கத்தும். நான் கொடுத்ததும் எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவன் என் தலைக்கு மேலால் விழுவான். அதை ஒருவரும் பார்ப்பதில்லை.

அந்த வருடம் நாங்கள் ஒரு ஆட்டத்திலும் வெல்லவில்லை. செப்டெம்பரில், ஒரே கிழமையில், இரண்டு பேர் போய்விட்டார்கள். ட்ரெய்னருடைய மனைவி “நானா, அந்த முட்டையா?” என்று கேட்டதாகவும், அவர் யோசிக்க ஒரு நாள் எடுத்ததே பிழையாகிவிட்டதாகவும் கேள்வி. குவார்ட்டர்பேக்குக்கு மியூனிக்கில் வேலை கிடைத்தது.

சங்கத் தலைவர் ஊவ, வீடுகளுக்கு ஹீட்டர் பூட்டுகிறவர். எங்களைக் கூப்பிட்டு இருத்திவைத்துச் சொன்னார். ஜெர்மனில்தான் சொன்னார். ஆனால் என் ஞாபகத்தில் இவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை. “பெப்ரவரி முடியிறதுக்குள்ள ஒரு ட்ரெய்னர், ஒரு குவார்ட்டர்பேக். ரெண்டும் இல்லையெண்டா அணியைப் பதிவில இருந்து எடுத்துப்போடுவன்.” பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாள் முழுக்க வயதுபோனவர்களோடு பொறுமையாகப் பேசுகிறவன் ஆதலால் ஆள் தேட நான்தான் தோதாம்.

சூப்பர்மார்க்கெட் பலகைகளில் விளம்பரம் ஒட்டினேன். காணாமற்போன பூனைக்கும் விற்பனைக்கு இருந்த குழந்தைக் கட்டிலுக்கும் நடுவில். மூன்று பேர் அழைத்தார்கள். முதலாமவர் காரும் வீடும் கேட்டார். இரண்டாமவர் வந்தார், இரண்டு மணித்தியாலம் எங்களைப் படிக்கட்டில் ஏற்றி இறக்கிக் கத்தினார், தொண்டை கட்டிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. மூன்றாமவர், பூனை கிடைத்துவிட்டதா என்று கேட்டார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு எழும்பி நடந்தேன். இல்லத்தில் ஒரு பாட்டிக்கு இரண்டு தரம் தலைசீவிவிட்டேன்.

நவம்பரில் ஒரு நாள், இடைவேளை அறையில், நாங்கள் தோற்ற ஆட்டமொன்றை ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: “அந்த ஐம்பத்திரண்டாம் நம்பர் ஆர்?”

எங்கள் பிரிவின் பொறுப்பாளர் திருமதி பிரிங்மன். அறுபதை நெருங்கியவர், மருந்துப் பெட்டியைப் பூட்ட மறந்தால் கொலை செய்தவனைப் போல் பார்ப்பவர்.

“நான்தான்,” என்றேன்.

“பந்து குடுக்க முதல் உம்மட வலது குதிக்கால் எழும்புது. அவங்கள் அதைப் பாத்துத்தான் பாயுறாங்கள். நாலு தரம் பாத்திட்டன்.”

அமெரிக்கச் சிப்பாய் ஒருவரைக் கட்டி ஒஹாயோவில் பதினாலு வருடம் இருந்தவராம். மகனுடைய பள்ளிக்கூட அணியின் ஆட்டங்களை எல்லாம் படம் பிடித்து, கோச்சுக்குப் பக்கத்தில் இருந்து குறிப்பெழுதியவர். இதை எங்கள் இல்லத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை. ஒருவரும் கேட்டதில்லையாம்.

எங்களுக்கு ட்ரெய்னராக வருவீங்களோ என்று நான் கேட்டேன். “ஏலாது,” என்றார். “முழங்கால் சரியில்லை. ட்ரெய்னர் லைசென்ஸ் இல்லை. ஷிஃப்ட் ஆர் போடுறது?” மூன்று நாள் கழித்துப் புது வேலை அட்டவணை சுவரில் தொங்கியது. அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வெறுமையாக இருந்தன. மாதக்கடைசியில் லைசென்ஸ் வகுப்புக்கும் பதிந்துவிட்டார்.

முதல் நாள் பயிற்சியில் எங்கள் அணியின் இறைச்சிக்கடைக்காரன், நூற்றுமுப்பது கிலோ, எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: “இனி எங்களுக்கு டயப்பரும் மாத்துவாவோ?” பிரிங்மன் திரும்பியும் பார்க்கவில்லை. “தேவையெண்டா அதுவும் செய்வன். இப்ப கோட்டில நில்லும்.” நின்றான்.

இனி குவார்ட்டர்பேக் கதை. இங்கே உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அப்போதும் மறைத்துத்தான் வைத்திருந்தேன்.

அந்த செப்டெம்பர் கடைசியில், ஊவ எங்களைக் கூட்டி வைத்துப் பேசிய மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, டோர்ட்மண்டில் ஒரு புல்வெளியில் என் மச்சான் கிரிக்கெட் விளையாடப் போனான். நானும் போனேன். எதிரணியில் இந்தியாவிலிருந்து வந்த மாணவர்கள். எல்லையில் ஒரு ஒல்லியான கண்ணாடிக்காரன். பந்து அவனைத் தாண்டி மரத்தடி வரைக்கும் போனது. ஓடி எடுத்தான், திரும்பினான், எறிந்தான். பந்து உயரவே இல்லை. கயிறு கட்டி இழுத்தது போல எங்கள் தலைக்கு மேலால் வந்து விக்கெட் காப்பாளரின் கையில் இறங்கியது. மச்சான் பாதி வழியில் ஆட்டமிழந்து நின்றான்.

தேநீர் நேரத்தில் அவனே வந்து கதைத்தான். பெயர் சரவணன், திருநெல்வேலி; பல்கலைக்கழகத்தில் உலோகங்களைப் பற்றி ஆராய்ச்சி. “ப்ரோ, ஹம் பக்கம் சீப்பா ரூம் ஏதும் இருந்தா சொல்லுங்க ப்ரோ,” என்று நம்பர் தந்தான். பதிந்து வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏனென்றால், நான் எறிய விரும்பினேன். நாலு வருடம் குனிந்து நின்றவனுக்கு நிமிர்ந்து நிற்க ஆசை. ஞாயிறுகளில் பூட்டிக்கிடக்கும் ஒரு தளபாடக் கடையின் கார் நிறுத்துமிடத்தில், சுவரைப் பார்த்து எறிந்தேன். அக்டோபர், நவம்பர், டிசம்பர். கை வீங்கியது. பந்து, சூடுபட்ட வாத்து மாதிரி விழுந்தது. ஒவ்வொரு தரமும் அடுத்தது சரியாக வரும் என்று தோன்றியது. இதற்கிடையில் எங்கள் அணியிலிருந்து ஐந்து பேர் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். எறிய ஆளில்லாத அணியில் எத்தனை நாள் சும்மா ஓடுவது?

பெப்ரவரி நடுவில் பிரிங்மனிடம் போய், “நான் எறிஞ்சு பாக்கட்டோ?” என்று கேட்டேன். குறிப்பெழுதுகிற கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். ஆறு பந்து எறிந்தேன். ஆறாவது அவருடைய காலடியிலேயே விழுந்தது.

“காணும்,” என்றார். “நீர் நல்ல சென்டர். எறிய உமக்கு வராது. வேற ஆரையும் தெரியுமோ?”

சாதாரணமாகத்தான் கேட்டார். அந்தக் குளிரில் என் காது கொதித்தது.

“ஓம். ஒராளைத் தெரியும்.”

“எப்பயிலிருந்து?”

“செப்டெம்பரில இருந்து.”

ஏச்சு வரும் என்று நின்றேன். வரவில்லை. இல்லத்தில் மருந்துப் பெட்டிக்காகப் பார்க்கிற பார்வையும் வரவில்லை. கொப்பியை மூடினார். “ஃபோனை எடும்.”

எடுத்தேன். சரவணன் குரலில் அவ்வளவு சந்தோஷம். “ப்ரோ! ரூம் அப்பவே கிடைச்சிருச்சு ப்ரோ. நீங்க அஞ்சு மாசம் கழிச்சு ஞாபகம் வச்சுக் கூப்பிடுறீங்க பாருங்க, பெரிய மனசு ப்ரோ உங்களுக்கு!” அந்த வார்த்தைக்கு நான் பட்ட வெட்கத்தை ஃப்ரான்ஸ்பிராண்ட்வைன் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

அவன் வந்தான். விதி ஒன்றும் தெரியாது. கண்ணாடிக்கு மேல் தலைக்கவசம் ஏறவில்லை, லென்ஸ் வாங்கினான். முதல் தரம் அடிபட்டு விழுந்தபோது எழும்பி, “என்னா ப்ரோ, லாரி ஏதும் வந்துச்சா?” என்று கேட்டான். பந்தைச் சுழற்றி எறியவும் வரவில்லை, எல்லைக் கோட்டிலிருந்து எறிகிற மாதிரிதான் எறிந்தான். “சுழலாட்டிலும் காரியமில்லை, போய்ச் சேரட்டும்,” என்றார் பிரிங்மன். பெப்ரவரி கடைசி நாளில் ஊவ எங்கள் பெயர்ப்பட்டியலைப் பதிவுக்கு அனுப்பினார்.

நானும் அவனும் கட்டளைகளைத் தமிழில் வைத்துக்கொண்டோம். எதிரணிக்கு விளங்காது என்று எங்களுக்குப் பெரிய பெருமை. எங்கள் இருவருக்கும்கூட விளங்காது என்பது இரண்டாவது ஆட்டத்தில் தெரிந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒருவன் இடம் மாறி நிற்பதைக் கண்டு, கொஞ்சம் பொறு என்று சொல்ல, “பேந்து! பேந்து!” என்று கத்தினேன். எங்களுக்குப் பேந்து என்றால் பிறகு. திருநெல்வேலிக் காதுக்கு அது பந்து. அவன் பந்து வருகிறதென்று பாய்ந்து வந்து என்னிலேயே மோதினான். பந்து என் கையை விட்டுத் தெறித்தது. எதிரணிக்காரன் அதைத் தூக்கிக்கொண்டு தனியே ஓடி முடித்தான். அந்த ஆட்டம் அதோடு போனது.

“பேந்துன்னா என்ன ப்ரோ அது? எந்த ஊரு தமிழ்?”

“உங்கட ஊரில எப்பிடிச் சொல்லுவீங்கள்?”

“பிறகுன்னு சொல்லுவோம்.”

“அது எங்களிட்டயும் இருக்கு.”

அன்று முதல் “பிறகு” என்றே வைத்துக்கொண்டோம். ஆனாலும் தோற்றுக்கொண்டுதான் இருந்தோம். ஐந்து ஆட்டம். ஊவ மறுபடியும் முகத்தைத் தொங்கப்போட்டார்.

ஆறாவது ஆட்டம் ஜூனில், எங்கள் மைதானத்தில். கடைசி ஒன்றரை நிமிடத்தில் மூன்று புள்ளி முன்னால் நின்றோம். எனக்கு நம்பவே முடியவில்லை. இந்த விளையாட்டில் நாலு முயற்சிக்குள் பத்து யார், அதாவது பத்துக் கஜம், முன்னேறினால்தான் பந்து எங்களிடம் நிற்கும். நாலாவது முயற்சி, இன்னும் நாலு யார் வேண்டும். இப்படியான நேரத்தில் பந்தைத் தூரத்துக்கு உதைத்துத் தள்ளுகிறவன் காலைப் பிடித்துக்கொண்டு வெளியே கிடந்தான். பந்தைப் பறிகொடுத்தால் அவர்கள் ஒரே ஓட்டத்தில் வென்றுவிடுவார்கள்.

பிரிங்மன் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். “பந்தை எடுக்காதேங்கோ. சத்தம் மட்டும் போடுங்கோ. அவங்கள் அவசரப்பட்டுக் கோட்டைத் தாண்டினால் ஐஞ்சு யார் எங்களுக்கு.” பிறகு என்னிடம் தனியாக, “குதிக்கால்,” என்றார்.

குனிந்தேன். என் மூக்குக்கு ஒரு முழத்தில் எதிராளி மூச்சு வாங்கினான். மாதக்கணக்காக ஒரு இடத்தில் இருக்கத் தெரியாதவன், இப்போது அசையக் கூடாது. வலது குதி நமைத்தது. நிலத்தோடு அழுத்தினேன். பின்னாலிருந்து சரவணன் அடிவயிற்றிலிருந்து கத்தினான்: “பிறகு!” ஒருவரும் அசையவில்லை. எனக்கு வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. “பிறகூ!” குரல் உடைந்தே போனது. எதிரே நின்றவன் தாங்க மாட்டாமல் பாய்ந்து என் முதுகில் விழுந்தான். பிழை காட்டுகிற நடுவரின் மஞ்சள் துணி பறந்தது. பந்து என் கையில் அப்படியே இருந்தது.

ஐந்து யார். மிச்ச நேரத்தை நாங்கள் மெல்ல ஓட்டி முடித்தோம். இறைச்சிக்கடைக்காரன் பிரிங்மனைத் தூக்கப் போனான். “முழங்கால்!” என்று அவர் அலற, பயந்து இறக்கிவிட்டான். சரவணன் என் தலைக்கவசத்தில் குத்திக் குத்தி அழுதான். அன்று அவனிடம் செப்டெம்பர் கதையைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டான். “நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் ப்ரோ,” என்றான். அது உண்மையோ, என்னைத் தேற்றச் சொன்னதோ, தெரியாது.

அந்த வருடம் வென்றது அந்த ஒன்றுதான். அடுத்த வருடம் இரண்டு. பிறகு சரவணன் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு கனடா போனான். பிரிங்மன் ஓய்வுபெற்று வடக்கே கடலோரம் மகனிடம் போனார். இரண்டு நத்தார் பண்டிகைக்கு வாழ்த்து அட்டை வந்தது, மூன்றாவதுக்கு வரவில்லை. ஊவ மறுபடியும் ஆள் தேடச் சொன்னபோது எனக்கு வேலை, கல்யாணம், பிள்ளை. பலகையில் ஒரு கடதாசி ஒட்டிவிட்டு வந்தேன், அவ்வளவுதான். அணியைப் பக்கத்து ஊர் அணியோடு சேர்த்தார்கள். எங்கள் பெயர் போனது. மைதானத்தில் இப்போது வரிசை வீடுகள். இல்லத்தையும் இடித்துவிட்டார்கள்.

போன கோடையில் அந்தச் சேர்ந்த அணியின் ஆட்டத்துக்கு ஒருமுறை போனேன். பச்சைப் பசேலென்ற செயற்கைப் புல். மின்சாரப் புள்ளிப்பலகை. அமெரிக்காவிலிருந்து வந்த குவார்ட்டர்பேக். பந்து அழகாகச் சுழன்று போனது. கையில் கணினிப் பலகையோடு மூன்று ட்ரெய்னர்கள். எல்லாக் கட்டளையும் ஆங்கிலத்தில். சாதாரணமாக வென்றார்கள், ஒருவரும் அழவில்லை. ஆட்டம் முடிந்தும் நான் வேலியோரம் நிற்பதைக் கண்டு, வாசலில் நின்ற பெண் வந்து கேட்டாள்: “ஆரையும் தேடுறீங்களோ?”

“இல்லை,” என்றேன். அங்கே எல்லா இடத்துக்கும் ஆள் இருந்தது.