ஜல்தி என்றால் இறுகும் கால்

என் குதிகால் தரையில் படவில்லை என்பதை முதலில் கவனித்தவள் அம்மா. அதற்கு முன்பே, குளிப்பாட்டும்போது என் தொடைகளைப் பிரிக்க முடியாமல் திண்டாடியிருக்கிறாள். மூன்று வயதுக்குப் பிறகுதான் எழுந்து நின்றேன், அதுவும் நுனிக்காலில். முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசின. எழுபதுகளின் ஆரணியில் இதற்கு எல்லோரும் வைத்த பெயர் இளம்பிள்ளை வாதம். ஒரு வைத்தியர் மட்டும் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் கொடுத்தார். கட்டைபோல விறைத்துக் கிடந்த காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தளர்ச்சி என்றார். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா பட்டு நெசவாளி. தறியில் உட்காரும் முன் தினமும் என் காலுக்கு எண்ணெய் தடவி இழுப்பார். யாரோ சொன்ன யோசனை. வேலை அவசரத்தில் அவர் இழுக்க, கால் வெடுக்கென்று மடங்கிக்கொள்ளும்.

"ஜல்தி நீட்டு. என்னாத்துக்கு இப்பிடி புடிவாதம் புடிச்சிகினு கீற?" என்பார்.

நான் நீட்டத்தான் நினைத்தேன். நினைக்க நினைக்கக் கால் இறுகியது. அதைச் சொல்லத் தெரியாமல் அழுவேன். அழுதால் இன்னும் இறுகும்.

பள்ளியிலும் சீக்கிரம் என்பதற்கு அதே ஜல்திதான். மணி அடித்ததும் பின்னாலிருந்து "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டுவார்கள். என் கால்கள் பின்னிக்கொள்ளும், விழுவேன். மற்றவர்களைப் போல மணிக்குள் வரிசையில் வந்து நிற்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன் என்று தலைமை ஆசிரியர் அப்பாவிடம் சொல்லி அனுப்பினார். வகுப்பில் வாய்ப்பாடு முதலில் மனப்பாடமானது எனக்குத்தான். அதை யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் இல்லாமல் போய்விடுமோ என்ற ஒரே பயம்தான் எனக்கு அப்போது.

அதற்குப் பிறகுதான் வேலூருக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா இது செரிப்ரல் பால்சி (மூளையில் பட்ட பாதிப்பால் உடலசைவு கெடுவது), அதிலும் ஸ்பாஸ்டிக் (தசைகள் இறுகியே இருக்கும் வகை) என்றார்.

இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம் என்பதால், அவர் விளக்கியதை எழுதுகிறேன். என் காலின் நரம்பிலும் தசையிலும் நோய் இல்லை. சட்டென்று இழுத்தால் எதிர்த்து இறுகுவது எல்லோருடைய தசைக்கும் உள்ள குணம். "போதும், விடு" என்று மூளை அதை முதுகுத்தண்டு வழியாக அடக்கிவைக்கிறது. பிறந்த சமயத்தில் என் மூளையில் பட்ட அடியால் அந்தக் கட்டளை கால்வரை சரியாக வந்து சேர்வதில்லை. எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு எதிர்ப்பு. பயமும் அதட்டலும் அதைக் கூட்டும். இறுகியே கிடக்கும் தசை, எலும்பு வளரும் அளவுக்கு நீளாமல் குட்டையாகிவிடும்.

அவர் என் காலை வேகமாக இழுத்தார், துள்ளி மடங்கியது. பிறகு குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி மெல்ல நீட்டினார், கொஞ்சம் கொஞ்சமாக இணங்கியது.

"அப்ப இது புடிவாதம் இல்லீங்களா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லைங்க. நீங்க அவசரப்படுத்தினா கால் இறுகுது. அது அவ கையில இல்ல."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஜல்தி என்ற சொல் இல்லை. தறி காத்துக் கிடக்க, அப்பா என் குதிகாலைப் பிடித்தபடி, கால் இணங்கும்வரை உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கும் போய் டாக்டர் சொன்னதைச் சொன்னார். ஒரு பெண்ணுக்காக மணியைத் தள்ளி அடிக்க முடியுமா என்று தலைமை ஆசிரியர் சிரித்தாராம். ஐந்தாம் வகுப்போடு என் பெயரை எடுத்துவிட்டார்கள். என் மூளையில் அடிபட்டதற்கு நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. என் பெயரை எடுத்தவர்களுக்கு மூளை நன்றாகவே இருந்தது. அவர்களை நான் மன்னிக்கவில்லை.

பிறகு வேலூரிலேயே குதிகால் தசைநாணை (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) நீளமாக்கும் அறுவை நடந்தது. மாவுக்கட்டைப் பிரித்து, பல நாள் பழகியபின், குதிகால் முதன்முதலாகத் தரையைத் தொட்டது. தரை இவ்வளவு குளிர்ச்சியா என்றிருந்தது. இறுக்கம் போகவில்லை, என்னோடு இருக்கிறது.

வீட்டிலேயே படித்து, எண்பதுகளில் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதினேன். கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து நின்று, "ஜல்தி எழுதும்மா" என்றார். காலில் உள்ள இறுக்கம் எழுதும் கையிலும் கொஞ்சம் உண்டு; விரல்கள் பேனாவோடு பூட்டிக்கொண்டன. பேனாவை இன்னொரு கையால் பிடுங்கி மேசையில் வைத்தேன்.

"சார், நீங்க அப்பால போங்க. பக்கத்துல நின்னுகினு ஜல்தின்னா என் கை எழுதாது."

அறையே திரும்பிப் பார்த்தது. அவர் போனார். விரல்கள் விடும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அது என்னுடைய நேரம் என்று அன்றுதான் தோன்றியது. கடைசிக் கேள்வியைத் தொடாமலேயே தேறினேன்.

இப்போதும் பஸ்ஸில் கண்டக்டர் "ஜல்தி ஏறும்மா" என்று கத்தினால், என் காதுக்கு முன்னால் காலுக்குக் கேட்டுவிடுகிறது. ஒரு காலைப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது தளரும்வரை நிற்கிறேன். விசில் அடிக்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். பஸ் நிற்கட்டும்.