கோமாளியின் கை உயரம்

மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. விடுமுறைக்கு இரண்டு தீம் பார்க் ரிசார்ட்டுகளைப் பொறுக்கியெடுத்து, போனை என் மூக்கருகே நீட்டி, எது என்று கேட்கிறாள். ஒன்றில் அலையடிக்கும் குளம். இன்னொன்றில் மனிதர்களைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டு ஓடும் ரயில். குளத்துக்குக் கிடைத்த பாராட்டுகளை நான் உரக்கப் படித்துக் காட்டினேன். ரயிலைப் பற்றிப் படிக்கும்போது மட்டும் எனக்கு நெட்வொர்க் போய்விடுகிறது.

"அப்பா, உனக்கு பயமா?" என்றாள்.

நாற்பதைத் தாண்டியவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் இதே கேள்வியை என் அப்பாவிடம் ஒருவர் கேட்டு, நடுவில் நான் புகுந்து பதில் சொல்லி மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு.

அப்போது நாங்கள் வடக்குப்பட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லாரிக்கு பிரேக் செய்கிற கம்பெனியில் வேலை. அம்மாவின் தம்பி, என் மாமா, அதே லைனில். ஒரு வருஷம் அந்த லைன் கேட்டதைவிட அதிகமாகவே செய்து தள்ளியதில் கம்பெனிக்கு மனம் குளிர்ந்துபோய், எல்லாரையும் குடும்பத்தோடு ஒரு பார்க்குக்கு அனுப்பி, ராத்திரி அங்கேயே தங்கவும் வைப்பதாகச் சொன்னது. குளம் இருக்கிற பார்க்கா, ரயில் இருக்கிற பார்க்கா? அதை லைன்காரர்களே முடிவு செய்துகொள்ளலாம். அன்றிலிருந்து கம்பெனி பஸ் சட்டசபை ஆயிற்று. ஷிப்டுக்குப் போகும்போது குளம் ஜெயிக்கும். திரும்பி வரும்போது ரயில் ஜெயிக்கும்.

இரண்டு பார்க்கின் வண்ண நோட்டீசும் எங்கள் வீட்டுக்கு வந்தன. ரயில் படத்தில் இருந்த எல்லாருக்கும் வாய் பிளந்திருந்தது. சந்தோஷமாம். எனக்கு அந்த வாயைத் தெரியும். ஊசி போடும்போது என் வாய் அப்படித்தான் இருக்கும். "இதுக்கு பிரேக் எங்க கீது?" என்று அப்பா நோட்டீசை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேடினார். தொழில்பற்று என்று நினைத்துக்கொண்டேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "எதுல நான் சமைக்க வேணாம்?" இரண்டிலும் வேண்டாம் என்று தெரிந்ததும் அவள் தேர்தலிலிருந்து விலகிவிட்டாள்.

கடைசியில் ஓட்டு சமமாக வந்து நின்றது. எங்கள் வீடு மட்டும்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து உட்கார்ந்தார்.

"குளமே போதும்டா," என்றார் அப்பா.

"இன்னா மாமா, ரயில்னா உதறுதா?"

"எனக்கு இன்னாடா பயம்? புள்ள சின்னவன். அவன் பயந்துகினான்னா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். வயிறு ஆமாம் என்றுதான் சொன்னது. வாய் வேறு டிபார்ட்மெண்ட்.

"எனக்கு ஒண்ணும் பயமில்ல. நான் முன்சீட்டு!"

மாமா விசிலடித்தார். அப்பா, கடைசிச் சோதனையில் கழன்று விழுந்த பாகத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"சிங்கக்குட்டியே சொல்லிடுச்சு. அப்புறம் இன்னா? அவன் பக்கத்து சீட்டு உனக்குத்தான் மாமா."

கிளம்புவதற்கு முந்தின நாள் அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்டு படுத்தேன். ஜுரம் வரவில்லை. சாம்பார் வாசனைதான் வந்தது.

பார்க்கில் தங்கிய மறுநாள் காலை, அறைக் கதவைத் தட்டி ஒருவர் டீ கொடுத்தார். அம்மா அதை மகாராணிபோல் குடித்துவிட்டு, மனசு கேட்காமல் கப்பைக் கழுவிக் கொடுத்தாள். அதோடு நல்ல நேரம் முடிந்தது. ரயிலுக்குக் கூட்டிப் போனார்கள்.

வாசலில் ஒரு மரக் கோமாளி கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவன் கை உயரத்துக்கு வளராத பிள்ளைகளுக்கு ரயில் கிடையாது. எனக்கு முன்னால் நின்ற பொடியன்கள் எல்லாம் குதிகாலைத் தூக்கி எம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ சொர்க்கவாசல் திறந்தது. வளர்கிற பையன் என்று அம்மா தொளதொளவென்று வாங்கியிருந்த பேண்டுக்குள் முழங்கால் இரண்டையும் சத்தமில்லாமல் மடக்கினேன். அப்பா பின்னால் வந்து என் தலைமேல் கனமாகக் கை வைத்துக்கொண்டார். தைரியம் சொல்கிறார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தம்பி, நேரா நில்லு," என்றார் வாசல்காரர்.

"நேராத்தான் சார் நிக்கிறான். எங்க வம்சமே குள்ளம்," என்றார் அப்பா.

கோமாளியின் கையை நான் எட்டவில்லை. அடுத்த வருஷம் வா என்று சொல்லிவிட்டார்கள்.

"அவன் எங்க அக்காகிட்ட இருக்கட்டும். நீ வா மாமா!" என்று மாமா கையைப் பிடித்து இழுத்தார்.

"புள்ள மனசு ஒடிஞ்சிடும்டா. நீ போய்ட்டு வா."

மாமா போனார். அவர் அலறியது கீழே வரைக்கும் கேட்டது. அப்பா இரண்டு ஐஸ்கிரீம் வாங்கி வந்து, கழுத்து வியர்வையைத் துடைத்தபடியே ஒன்றைச் சாப்பிட்டார். அவரை அவ்வளவு உற்சாகமாக நான் பார்த்ததே இல்லை. என்னுடையது கையிலேயே உருகி வழிந்தது. என் முழங்காலால் ஒரு மனுஷனுடைய ரயில் போய்விட்டதே! பரிகாரமாக, ஊர் திரும்பியதும் கேட்காமலேயே அவருக்குக் கால் அமுக்கினேன். சொல்லுமுன்னே கடைக்கு ஓடினேன்.

மகளை இன்று கதவோரம் நிறுத்தி அளந்து பார்த்தேன். எந்தக் கோமாளியின் கையையும் தாண்டிவிட்டாள். எனக்கு அந்த வழி அடைபட்டது.

அந்தப் பார்க்கிலிருந்து வந்த பிறகு எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. அம்மா தைலம் தேய்த்துவிட்டாள். அப்பா அந்தப் பக்கமே வரவில்லை. நான் மடக்கியது முழங்காலை. கழுத்து எதற்கு வலிக்கிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.