பாலத்து போஸ்ட்டில் ஏகாம்பரம் அண்ணா

ஏகாம்பரம் அண்ணா போய்விட்டார்.

காலையில் திருப்பதியில் நான் செக்யூரிட்டி வேலை பார்க்கும் லாட்ஜ் வாசலில், ஒரு டூரிஸ்ட் வேனை ரிவர்ஸ் எடுக்க விசில் ஊதிக்கொண்டிருந்தேன். பழைய ரெஜிமென்ட் நண்பனிடமிருந்து போன். "லோகு, நம்ம விஜயபுரம் ஏகா... பாலத்துல சுட்டுட்டாங்கடா." அவ்வளவுதான் சொன்னான். வேன் டிரைவர் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தான்.

ஹவில்தார் ஏகாம்பரம். அவர் விஜயபுரம், நான் வடமாலபேட்டை. ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில், நீலத் தொப்பி போட்ட ஐ.நா. அமைதிப்படையில் அவருக்குக் கீழே ஒரு வருடம் வேலை பார்த்தேன்.

நாட்டின் பெயரை எழுத மாட்டேன். என் தம்பி தாமு இன்னும் அங்கேதான் இருக்கிறான்... அதே கேம்ப்பில்.

நான் ரிட்டயர் ஆகி வந்துவிட்டேன். அண்ணா இந்த வருடம் தாமுவின் பேட்ச்சோடு இரண்டாவது முறை போனார். "உன் தம்பிய என் கண்ணெதிர்லயே வெச்சிக்கிறேன், நீ போய் நிம்மதியா துன்னுட்டுத் தூங்குடா" என்றார் ரேணிகுண்டா ஸ்டேஷனில்.

நாங்கள் போன புதிதில் அந்த கேம்ப்பில் நாலு நாட்டுப் படைகள் இருந்தன. ஆளுக்கொரு பக்கம் காவல். பாலத்து போஸ்ட் ஒரு குளிர்நாட்டுக்காரர்களுடையது. அங்கே அவர்களில் இரண்டு பேர் செத்தார்கள். மூன்றாவது வாரமே கூடாரத்தைப் பிரித்துவிட்டார்கள்.

போகும்போது எல்லாவற்றையும் எங்களுக்கே கொடுத்தார்கள். ஃப்ரிட்ஜ், மடக்கு நாற்காலி, காபி மெஷின்... கல்யாண வீட்டில் தாம்பூலப் பைக்கு முண்டுகிற மாதிரி முண்டினோம். "ரெண்டு சவப்பொட்டி போனதுக்கே ஓடறானுங்க பாரு, பயந்தாங்கொள்ளிங்க" என்று சிரித்தது யார் தெரியுமா? நான்தான்.

அண்ணா ஒன்றையும் தொடவில்லை. "வெறும் சேர மட்டும் குடுத்துட்டுப் போறாங்கன்னு நெனச்சிகினியா? அவங்க டூட்டியும் நம்ம தலையிலதான்டா."

மறுநாள் டூட்டி லிஸ்ட் வந்தது. பாலம் எங்களுக்கு.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. கிளம்புவதற்கு முன் அந்த நாட்டுச் சிப்பாய் ஒருவன் அண்ணாவிடம் சொல்லிக்கொள்ள வந்தான். அண்ணி கொடுத்தனுப்பும் வேர்க்கடலை உருண்டை என்றால் அவனுக்கு உயிர். போனில் ஒரு வீடியோ காட்டினான். அவன் ஊரில் தெரு முழுக்க ஜனம். செத்த இரண்டு பேரின் போட்டோவைப் பிடித்துக்கொண்டு, எங்கள் பிள்ளைகளைத் திருப்பிக் கூப்பிடு என்று கத்துகிறார்கள்.

"இவங்கெல்லாம் அந்த ரெண்டு பேருக்குச் சொந்தமா, கேளுடா" என்றார் அண்ணா. எனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷில் கேட்டேன். இல்லையாம். யாரென்றே தெரியாதவர்களாம்.

அண்ணா வீடியோவை இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார். அப்புறம், "நமக்கு எதுனா ஆச்சுன்னா எங்க நைனா வருவாரு. அதுவும் புத்தூர் பஸ்ஸு கெடச்சா" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன வாரம் கடைசியாகப் பேசினோம். இன்னொரு நாடும் மூட்டை கட்டுகிறதாம். "அவங்க பக்கமும் நம்ம கைக்குத்தான் வரப்போவுது. ஆளு அதே ஆளு, காவ காக்கற எடம்தான் பெருசாயிகினே போவுது" என்றார்.

"நம்மாளுங்கள எப்பண்ணா கூப்புடுவாங்க?"

"நம்ம பக்கம் இன்னும் ஒரு பொட்டிகூட போவலயே லோகு. அப்பறம் எப்பிடிக் கூப்புடுவாங்க?"

அந்தக் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

இன்று செய்தி கேட்டதும் என் மனதில் முதலில் வந்தது அழுகை இல்லை. 'அப்போ தாமு வந்துடுவான்.' அதுதான் வந்தது. த்தூ... என் மூஞ்சியில் நானே துப்பிக்கொள்ள வேண்டும்.

மத்தியானம் விஜயபுரம் போனேன். பாடி வர இன்னும் மூன்று நாள் ஆகுமாம். அதற்குள் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. அண்ணி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மிச்சம் இருக்கறவங்களயாவது கூப்ட்டுக்குவாங்களா தம்பி?"

கூப்பிட்டுக்கொள்வார்கள் அண்ணி என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

வாசலில் ஒரு தலைவர் மைக் பிடித்துத் தெலுங்கில் முழங்கினார். "மேமு வெனகடுகு வெய்யமு!" பின்வாங்க மாட்டோமாம். வீரனின் ரத்தம் வீண் போகாதாம். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்... பழக்கதோஷம். அண்ணாவின் நைனா மட்டும் அந்த மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் இருந்தேன். தாமு கூப்பிட்டான். எடுத்ததும் கேட்டேன், "கேம்ப்ப மூடறாங்களாடா?"

"எங்கண்ணா மூடறது... புதுசா மணல் மூட்ட வந்து எறங்கிகினு கீது. லிஸ்ட்டு மாத்திட்டாங்க. நாளைலேர்ந்து பாலத்துக்கு நானு." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அம்மாகிட்ட சொல்லாதண்ணா."

அம்மா பேஸ்புக்கில் இல்லை. வடமாலபேட்டைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எங்கள் வீட்டுப் பக்கம் போய் வாயை விட்டுவிடாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஏகா அண்ணா... எல்லோரும் 'போய் வாருங்கள் வீரரே' என்று எழுதுகிறார்கள். நான் எழுத மாட்டேன்.

இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே நில்லுங்கள் அண்ணா. தாமு வீடு வந்து சேரட்டும்.